ஆர்

காலை ஏழே முக்கால்.
இன்குபேட்டரைத் திறக்கிறேன்.
முப்பத்தேழு டிகிரி:
உடம்பில்லாத ஓர் உடம்பின் சூடு.

ஐந்து ரோட்டில், மாடியில் எங்கள் லேப்.
ஜன்னலில் தெரிய வேண்டிய ஏற்காட்டு மலை
இன்று இல்லை.
பனி.
தட்டிலும் அதே பனிதான்,
நேற்று ஒரு பஞ்சுக் குச்சியால் தடவியது
விடிவதற்குள் விளிம்பு வரை வெளுத்திருக்கிறது.

நடுவில் ஆறு மருந்து வில்லைகள்
சட்டைப் பொத்தானைவிடச் சின்னவை.
கிருமி அஞ்சியிருந்தால்
ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் தெளிந்திருக்கும்.
ஸ்கேலை வைக்கிறேன்.
அளக்க ஒன்றுமில்லை.
அடுத்தது. ஒன்றுமில்லை.

செ. மரகதவல்லி, 29, பெ.
இரண்டாவது அக்ரகாரத்தில் ஜவுளிக்கடை.
நான் கேட்கவில்லை, பாட்டிலை நீட்டியபடி அவளே சொன்னாள்:
வேலையாட்களுக்குக் கழிப்பறை ஐந்தாவது மாடியில்,
லிஃப்ட் வாடிக்கையாளருக்கு.
அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.

மூன்று வருஷத்தில் ஐந்து முறை.
குகைப் பக்கம் ஒரு மருந்துக்கடை,
சீட்டு கேட்க மாட்டார்.
"எரியுது" என்றால் போதும்.
மூன்று நாளுக்கு அட்டையைக் கத்தரியால் வெட்டுவார்
சிப்ரோஃப் ஒரு பக்கம்
ளாக்ஸசின் மறுபக்கமாக.
எரிச்சல் நின்ற அன்றே மாத்திரையும் நிற்கும்.

ரிப்போர்ட் அடிக்கிறேன்.
ஆம்பிசிலின்: ஆர்
சிப்ரோஃப்ளாக்ஸசின்: ஆர்
செஃபிக்ஸைம்: ஆர்
கோட்ரைமாக்ஸசோல்: ஆர்
செஃப்ட்ரையாக்ஸோன்: ஆர்

எங்கள் ஓமலூர்ப் பக்கம் கதவைத் தட்டினால்
உள்ளிருந்து "ஆரு?" என்பார்கள்.
பேரைச் சொன்னால் தாழ் விலகும்.
இங்கும் கேட்கிறது, ஆரு ஆரு என்று.
மருந்தும் சொல்கிறது தன் பேரை.
தெரிந்த குரல். பலமுறை வந்து
பாதியில் திரும்பிப் போன குரல்.
அதனால்தான் திறக்கவில்லை.

ஆறாவது வில்லையைச் சுற்றி மட்டும்
பதினெட்டு மில்லிமீட்டர் வெட்டவெளி.
நைட்ரோஃபுரான்டாயின்.
பழைய மருந்து, கடையில் முன்வரிசையில் இருக்காது.
மூத்திரம் பழுப்பாய்ப் போகும்,
சொல்லி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பயந்து நிறுத்திவிடுவாள்.

சாப்பாட்டு நேரத்தில் வந்தாள்.
இருபது நிமிஷம் பெர்மிஷன்.
தாளை வாங்கி விரலால் தடவினாள்.
"அஞ்சுக்கு ஆர் போட்டிருக்கு.
இது ஒண்ணுலதான் எஸ்.
இது மட்டும் ஃபெயிலாக்கா?"

டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல.
டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.
குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"இடது பக்கம்தான் பாத்ரூம்" என்றேன்.
குடித்தாள்.
இன்னொன்று கேட்டாள்.

அவள் படியிறங்கிய பிறகு
தட்டை ஆட்டோகிளேவில் வைத்தேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி.
அதற்கு இன்னும் பழகவில்லை அது.

பேனா தேடிக் கைப்பையைத் துழாவியதில்
என் விரலைக் கீறியது ஓர் அட்டை.
மே மாதம் பல்வலிக்கு வாங்கியது.
பத்தில் நான்கு மீதி.
கத்தரி போன விளிம்பில்
பேர் பாதிதான் இருந்தது.