சரிவு

எத்தனை ட்ராக்டர் மண் வேணும் என்று
கணக்குப் பார்க்கத்தான் போனேன்.
மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி
ஒரு நுனியைப் பின்வாசலில் நிரோஜன் பிடிக்க
மறுநுனியோடு நான் இறங்கினேன்,
படம் விழுந்த சுவர் மட்டும்.
மூன்றடி இரண்டங்குலம் பதிவு.
கூரை இல்லை. கதிரை இல்லை.
சரிவு மட்டும் தப்பியிருக்கிறது.

சாவகச்சேரிக்குக் கரண்ட் வராத காலம்.
எஞ்சின் வைத்துப் படம் ஓட்டினார்கள்;
அது இருமினால் கதாநாயகனும் இருமுவான்.
சுருட்டு விற்ற காசில் கட்டிய குலவீரசிங்கத்துக்கு
தரை ஏன் சரியவேணும் என்று விளங்கவில்லையாம்.
மேசன் சூசைப்பிள்ளை ஒன்றும் பேசாமல்
அவரை ஒரு பனங்குற்றியில் இருத்தி,
முன்குற்றியில் தலைப்பாகையோடு ஒருவனை இருத்தி,
“இப்ப சுவர் தெரியுதோ, முதலாளி?” என்றாராம்.

மேலே இரண்டு ரூபாய்க் கதிரை.
நடுவில் வாங்கு.
சுவரின் காலடியில்
இருபத்தைந்து சதத்துக்கு வெறுந்தரை.
மாரியில் ஓட்டுக்குள்ளால் ஒழுகிய தண்ணீர்
விலை பார்த்துத்தான் இறங்கிற்று.
கதிரைக்காரர் செருப்பு நனையவில்லை.
கீழே இருந்தவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
கடைசிச் சண்டைவரை குந்தியிருந்தார்கள்.
கோயில் வாசலில் மறித்த ஊர்தான்;
இங்கே டிக்கெற் கிழித்தவன்
கையைப் பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை.
அதைச் சமத்துவம் என்று சொல்லமாட்டேன்.
தண்ணீர் போன வழி எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றைந்தில்
வலிகாமம் முழுக்க இந்தப் பக்கம் நடந்து வந்தபோது
இருநூறு பேர் இதற்குள் படுத்தார்கள்,
தலை மேட்டில், கால் திரைப்பக்கம்.
யசோமலர் பிள்ளை பெற்றது இங்கேதான்.
இப்போதும் பின்னொழுங்கையில் இருக்கிறா;
தேத்தண்ணி தரும்போது சொன்னா:
பாயை விட்டு உருண்டுவிடும் என்று
பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம் ஒரு செங்கல் வைத்தேன்,
அது செங்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூங்கிச்சுது.

பிறகு ஷெல்.
பிறகு முட்கம்பி.
பிறகு எருக்கலை, ஆளுயரத்துக்கு.

காணியை வாங்கியவர் ரொறொன்ரோவில்.
சூப்பர்மார்க்கெட் வருகுதாம்.
சாமான் வண்டில்கள் தன்பாட்டில் ஓடக்கூடாது,
மட்டம் வேணும் என்று போனில் மூன்று தரம் சொன்னார்.

எண்பது ட்ராக்டர் என்று எழுதினேன்.
சூசைப்பிள்ளையின் சீமெந்தை உடைக்கத் தேவையில்லை,
மேலே கொட்டி இறுக்கினால் போதும்.
கையெழுத்து வைக்கிற நேரம்
நிரோஜன் குழாயைக் கவிழ்த்தான்.
தண்ணீர்
தூசியைச் சுருட்டிக்கொண்டு
இருபத்தைந்து சதப் பக்கம் போயிற்று.