களையெடுப்பு

சுற்றறிக்கையில் அந்தச் சொல்தான் இருந்தது: களையெடுப்பு.
பத்தாண்டாக யாரும் இரவல் வாங்காத நூல்கள்
பட்டியலிட்டுக் கழிக்கப்பட வேண்டும்.
மார்ச் முடிவதற்குள் மேல்தளம் காலியாக வேண்டும்.
அங்கே நாற்பது மேசை வரும்,
மேசைக்கு இரண்டு பிளக் பாயிண்ட்.

நான் அழவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.
விண்டோஸ் 98 கையேடு, பதினான்கு பிரதி.
காலாவதியான வருமானவரிச் சட்டம்.
யாரோ நன்கொடையென்று இறக்கிவிட்டுப் போன
ஒரே நாவலின் அறுபது படிகள்.
கரையான் முன்னுரைவரை படித்துவிட்ட கலைக்களஞ்சியம்.
எடுக்க எடுக்கத் தோள் லேசானது.
மாதேஷ் கட்டுக் கட்டாகச் சணலில் இறுக்கினான்.
தருமபுரி நாலு ரோட்டுப் பேப்பர்க் கடையில்
கிலோ பதினோரு ரூபாய்,
அட்டை கிழித்துக் கொடுத்தால் பன்னிரண்டு.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்,
இஸ்திரி கலையாத சட்டை.
இருபதாயிரம் ஆய்விதழ்களைத்
திரையில் ஒரு விரலால் உருட்டிக் காட்டினார்.
பொய்யில்லை. அரூர் பேருந்தில் தொங்கியபடி
ருக்சானா கைப்பேசியில் படிக்கிறாளே,
அந்தப் படிக்கட்டுக்கு எந்த அலமாரி ஏறி வந்தது?
"சந்தா நின்றுபோனால்?" என்றேன்.
"திறக்காது மேடம்."
"அதுவரை கட்டிய பணத்துக்கு?"
சிரித்தார். நல்ல பல்வரிசை.

ஏதாவது தேடிப் பாருங்கள் என்றார்.
தருமபுரி, நிலத்தடி நீர், ஃபுளோரைடு என்று அடித்தேன்.
எங்கள் தண்ணீரைப் பற்றி
இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள்.
தொட்டால் பூட்டு. முப்பத்தைந்து டாலர்.
"அது வேற பேக்கேஜ் மேடம்."
சுங்கச்சாவடியில்கூட
உள்ளூர் வண்டிக்கு ஏதோ சலுகை உண்டு.

புதன்கிழமை ஆய்வேடுகள் அடுக்கு.
காலிகோ அட்டை, தட்டச்சுப் படி, 1986,
முதுகலை வேதியியல், சி. தீர்த்தகிரி.
நல்லம்பள்ளி, பென்னாகரம் வட்டாரக் கிணறுகள்.
இரவல் சீட்டில் ஒரு தேதிகூட இல்லை.
விதிப்படி அது களை.

ஆனால் பக்க ஓரங்கள் துணிபோலத் துவண்டிருந்தன.
நாற்பத்தேழில் ஒரு பேருந்துச் சீட்டு,
எழுபத்தொன்றில் தேநீர் வட்டம்.
வாங்கிப் போகாமல் நின்றபடியே
யார் யாரோ வந்து
தங்கள் ஊரைத் தேடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
நின்று படிப்பவரை எண்ண நம்மிடம் பதிவேடில்லை.

நானும் தேடினேன். பக்கம் அறுபத்திரண்டு.
எங்கள் ஊர், பள்ளிக்கூடத்துக் கிணறு,
லிட்டருக்கு 4.2 மில்லிகிராம்.
பக்கத்தில் பென்சிலில்: இப்போது தூர்ந்துவிட்டது.
புகைப்படம் எடுக்கும்போதெல்லாம்
நான் ஏன் உதட்டை மூடிக்கொள்கிறேன் என்பதற்கு
ஒரு தசமப்புள்ளி இருந்திருக்கிறது,
சம்பளம் வாங்கும் கட்டடத்திலேயே,
என் தலைக்கு மேல்.

கேழ்வரகுக் கொல்லையில் குனிந்தவர்களுக்குத் தெரியும்:
கேழ்வரகைப் போலவே ஒரு புல் முளைக்கும்,
அதே பச்சை, அதே தண்டு.
கதிர் தள்ளும்வரை கை ஏமாறும்.
சுற்றறிக்கை எழுதியவருக்கு
எந்தக் கொல்லை வாய்த்ததோ.

பட்டியலில் மூவாயிரத்து நூற்றுப் பதிமூன்று.
ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.
திங்கள் செவ்வாயில் சணலுக்குள் போனவற்றில்
இன்னும் எத்தனை ஒன்றோ.
வண்டி அதற்குள் நல்லம்பள்ளி தாண்டியிருக்கும்.

ஸ்கேனர் கேட்ட கடிதம்
இரண்டு வருடமாக முதல்வர் மேசையில்.
ஆகவே சனிக்கிழமை ஜன்னலோரம்
மாதேஷ் பக்கத்தை அழுத்திப் பிடிக்க,
நான் கைப்பேசியில் எடுத்தேன், நூற்றெட்டுப் பக்கம்.
பாதியில் கரண்ட் போனது. வெயில் போதுமாயிருந்தது.

இப்போது கல்லூரித் தளத்தில் யாரும் திறக்கலாம்.
எல்லாப் பக்கத்திலும் இடது ஓரத்தில்
மாதேஷின் கட்டைவிரல், நகத்தில் சணல்தூசு.
"அசிங்கமாயிருக்கிறது, வெட்டிவிடுங்களேன்" என்றார் முதல்வர்.
வெட்டினால்
கிணற்று எண்ணும் சேர்ந்து போகும் சார்.