நான்கு லாடங்கள்

ப்ராயிலா ரயில் நிலையத்துக்கு எதிரே
அடகுக் கடையில், பதினோரு வருடமாய்
இல்லை என்று சொல்வது என் வேலை.
இல்லை, இது வெள்ளி இல்லை.
இல்லை, உங்கள் மாமியார் கழுத்தில் கிடந்தது கவரிங்.
கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம்.
அதன் வழியே மோதிரம் உள்ளே வரும்,
கெட்ட வார்த்தை பின்னாலேயே வரும்.

மே மாதம், மகள் லவீனியாவின் கல்யாணத்துக்கு
வண்டிக் குதிரையின் லாடங்களில்
பொன்வண்ணம் அடித்தான் கோஸ்டினெல்.
ஒரு டப்பா. இருபத்து நாலு லெய்.
மிச்சமிருந்ததை வாசல் கேட்டுக்கும் அடித்துவிட்டான்.
சாராய மயக்கத்தில் யாரோ தரையோடு குனிந்து
குளம்பை மட்டும் படம் எடுத்திருக்கிறார்கள்.
வெயிலும் பார்த்து அந்த நொடியில்தான் விழுந்திருக்கிறது.

புதன்கிழமை அது பதினெட்டு காரட்.
வெள்ளிக்கிழமை இருபத்து நாலு.
கோஸ்டினெல் பழைய இரும்புச் சக்கரவர்த்தி ஆகிவிட்டான்,
ஞாயிறுதோறும் புது லாடம் அடிக்கிறான்,
கழற்றியதை டான்யூபில் வீசுகிறான்,
குதிரைக்கு ஷாம்பெயின் காட்டுகிறான்.
பார்த்தவர்கள் நாற்பது லட்சம்.
குதிரைக்குப் பெயர் ஷார்கா. வயிற்றில் பூச்சி.
அதை யாரும் கேட்கவில்லை.

ரொட்டிக் கடை வரிசையில் வாய் ஓயாமல் திட்டினார்கள்.
திட்டி முடித்தவர்கள் என் துவாரத்தில் முகம் வைத்து
நான்கு லாடம் என்ன விலை போகும் என்றார்கள்.
படித்துறையில் கயிறு கட்டிக் காந்தம் இறக்கினார்கள்:
இரண்டு சைக்கிள், ஒரு தையல் மெஷின் தலை, ஏராளம் ஆணி.
தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்றேன்.
"அது உங்கள் கடைத் தங்கம்" என்றார்
ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார், கயிற்றை விடாமல்.

ஒரு ராத்திரி ஷார்காவின் பின்னங்கால் லாடத்தைப்
பெயர்த்துப் போனான் ஒருவன்.
திங்கள் காலை என்னிடம்தான் கொண்டுவந்தான்.
ஆணியில் குளம்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.
சுரண்டினேன். ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்தது.
"இரும்பு. மேலே பெயின்ட்."
"என் கண்ணால் பார்த்தேன்" என்றான்,
போனை எடுத்துக் காட்டினான்.
எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்று சொல்லிவிட்டு
கலாட்ஸுக்குப் பஸ் ஏறினான்.
அங்கேயும் நுரைத்திருக்கும்.
அங்கிருந்து கான்ஸ்டான்ட்ஸா போயிருப்பான்.
நாட்டில் அடகுக் கடைக்கா பஞ்சம்.

பிறகு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது:
கணக்கில் காட்டாத பொன் குறித்து விளக்கம் தேவை.
லவீனியாவின் புருஷன் வேலைக்குப் போவதை நிறுத்தினான்.
கோவிலில் பாதிரியார் கூரைக்கு நன்கொடை கேட்டார்,
இல்லை என்றதும் கோஸ்டினெலைப் பார்த்துச் சிரித்தார்,
அப்படிச் சிரிப்பது எப்படியென்று எனக்குத் தெரியும்.
ஷார்கா மூன்று லாடத்தோடு
நொண்டி நொண்டி விறகு இழுத்தது.
எளிமையாய்க் காட்டிக்கொள்கிறார்களாம், அதற்கும் ஒரு படம்.

நேற்று கடை மூடும் நேரம் கோஸ்டினெல் வந்தான்.
செய்தித்தாளில் சுற்றிய மூன்று லாடம். சாண வாடை.
"ஒரு தடவை உரைத்துப் பார், பெட்ரொனேலா."
"நீதானே அடித்தாய்?"
"நான்தான் அடித்தேன்."
"டப்பா வாங்கிய ரசீது?"
பையிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டினான்.
இருபத்து நாலு லெய், தேதியோடு.
பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு
லாடத்தை ஒற்றை விரலால்
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.
"சும்மாதான். ஒரே ஒரு தடவை."

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
உரைகல்லில் ஒரு கோடு போட்டேன்.
சொட்டு, கண்ணாடிக் குச்சியின் நுனியில்
விழலாமா என்று தொங்கியது.
தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் குனிந்தான்.
இந்தப் பக்கம்
நானும் குனிந்தேன்.