ஏழாம் கண்ணாடி

ஹித் கடலோரம், உப்பைப் பிரிக்கும் ஆலை.
கடலை உறிஞ்சும் குழாயின் வாயில்
பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளைக் கட்டி இறக்கினோம்.
பத்தாம் நாள் தூக்கினால்
பதினொன்றில் வழுவழுப்பு,
விரல் வைத்தால் சளிபோல் நூலிழுத்தது.
ஏழாவது மட்டும்
அப்போதுதான் துடைத்த மூக்குக்கண்ணாடி.

அதில் தடவியிருந்தது செம்பாசிச் சாறு.
பாறையில் சுரண்டி எடுத்துவந்தவன் இஞ்ஞாசி மச்சாது,
வேம்பார்க்காரன், குழாய்வாய் வலையில்
சிப்பி செதுக்கும் முக்குளிப்பாளன்.
பிளாஸ்டிக் பையிலிருந்து மேசையில் கொட்டி
"கறி வைக்கவா?" என்றான்.
அரைத்தபோது
கட்டுப் பிரித்த காயத்தின் வாசம், அயோடின் வாசம்.

"எல்லாம் செத்துப்போச்சா?"
ஏழாவதை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டான்.
இல்லை.
நுண்ணோக்கியில் உயிரோடுதான் இருந்தன,
ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி,
விடிகாலைப் பேருந்து நிறுத்தத்தில்
முகம் தெரியாதவர்கள் நிற்பதுபோல்.

சொன்னேன்:
தனி பாக்டீரியா எதையும் கட்டாது.
தண்ணீரில் ஒரு சொல்லை விடும், சும்மா.
பக்கத்தில் இருப்பதும் அதையே விடும்.
சொல் சேர்ந்து சேர்ந்து தண்ணீர் தடிக்கும்போதுதான்
'அட, நாம் நிறையப் பேர்' என்று தெரியும்.
அதற்கப்புறமே சுவர், கூரை, வழுக்கல்,
ஆலைக்குச் செலவு.

செம்பாசி யாரையும் கொல்வதில்லை.
அந்தச் சொல்லைப் போலவே ஒன்றைச் செய்கிறது,
ஓரத்தில் ஒரு புரோமின் அணு ஒட்டவைத்து.
அது போய்க் காதில் உட்கார்ந்துகொள்கிறது.
அவ்வளவுதான்.
காது நிறைந்திருக்கும். சேதி இருக்காது.

முகமூடி வாரைப் பல்லால் இழுத்து முடிச்சிட்டபடி
மச்சாது சொன்னான்:
"நல்ல மேனேஜர்."

அன்று மாலை கேம்ப் வாசலில்
ஆளுக்கொரு உறை.
"உங்கள் சம்பளப் பாக்கி
தனிப்பட்ட முறையில் பரிசீலிக்கப்படுகிறது.
பிறரிடம் இதுபற்றிப் பேச வேண்டாம்."
தவசீலன் என்ற என் பெயரில் ஓரெழுத்துப் பிழை.
எட்டுப் பேர் அறை,
எட்டு மெத்தைக்கடியில் எட்டு உறை.
நானும் கொஞ்சம் பெருமையாகத்தான்
மடித்து வைத்தேன். அதைச் சொல்லியாக வேண்டும்.
குபூஸைக் கிழித்துப் பருப்பில் தொட்டோம்,
கிரிக்கெட் பேசினோம், ஏசி சொட்டுவதைப் பேசினோம்.
நடுராத்திரி
கடிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.
மை வாசம். வேறொன்றுமில்லை.

ஐந்து மணி பஸ்.
இரண்டு வருடமாய் என் பக்கத்து இருக்கையில்
கேசர் தாமாங்.
அவன் தோள் என் தோளில் தூங்கியிருக்கிறது,
பெயருக்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.
"கித்னா மஹினா?" என்றேன்.
கண் திறக்காமலே மூன்று விரல் காட்டினான்.
பிறகு கண் திறந்தான்.
முன் இருக்கையின் முதுகைத் தட்டினான்.
"தீன்."
அதற்கு முன்னால்: "தீன்."
பின்னாலிருந்து யாரோ, மலையாளத்தில்: "மூணு."
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்,
ரேடியோவைக் கூட்டினார்.
சித்ரா பாலத்தில் பாதி தாண்டியதும்
குறைத்தார்.
"சார்" என்றார்.
மரியாதை அல்ல. இந்தியில் நான்கு.

ஆய்வுக்கூடத்தில் நான் வாய் திறக்கும் முன்பே
நுண்ணோக்கியிலிருந்து கண் எடுக்காமல்
ரோவீனா சொன்னாள்: "தத்லோ."
எந்த பஸ் முந்தி வந்து சொன்னதோ.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழாவது, சுத்தம்.
பன்னிரண்டாவதைக் கழற்றும்போது
விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
நூலிழுத்தது.
கை கழுவப் போகவில்லை,
கொஞ்ச நேரம்.