அரைப்பேர்

பதினொரு மணிக்கே கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு
மலையிறங்கினேன்.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
என்ன விஷயம் என்று கேட்டதற்குப் பல்வலி என்றேன்.
பாதி பொய்தான்.
மூன்று மாதமாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை.
மழை ஒரு தோளை மட்டும் நனைத்தது.
பொலிஸ் வாசலைத் தாண்டிப் புடவைக்கடை வரை போய்
வாங்காத சேலைக்கு விலை கேட்டுத்
திரும்பி வந்தேன்.
இரண்டு தரம்.

லயத்தில் சொல்வார்கள்:
பொலிசுக்குச் சொன்னது
நீ வீடு வந்து சேருமுன்
கடைக்காரன் காதில் இருக்கும்.
பணிய லயத்து சூசையம்மா சொல்லிப் பார்த்தாள்.
அந்தக் கிழமையே அவளுடைய கோழிக்கூடு எரிந்தது.
யார் வைத்த நெருப்பென்று
கோழிகளுக்குத்தான் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்.
தில்ஹானி என்றாள்.
அவளுக்குத் தமிழ் வந்தது,
கூடையோடு ஏற்றம் ஏறுகிறவளைப் போல
நின்று நின்று.

கடையைச் சொன்னேன்.
பள்ளிக்கூட வளைவு, தகரக்கூரை,
டொபி போத்தலுக்குப் பின்னால் இருக்கிற பீடிக்கட்டு.
ஐஸ் வந்திருக்கிறது என்று முதன்முதலில் கேட்டபோது
இந்தக் குளிருக்கு அது எதற்கடி என்று
கொழுந்து மலையில் நாங்கள் சிரித்ததைச் சொன்னேன்.
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிற நேரம்,
இடைவேளை மணி அடித்துப் பத்து நிமிடம்.
ஆட்டோ நம்பரை உள்ளங்கையில் எழுதியிருந்தேன்.
வியர்வையில் ஏழு, ஒன்றாகியிருந்தது.

வாங்குகிறவர்களில் யாரைத் தெரியும்?

கூரையில் மழை.
சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது.

கிருபாகரன். வயது இருபத்திரண்டு.
முதலில் காஸ் சிலிண்டர் போனது.
பிறகு அம்மாவின் தோடு.
பிறகு மழைக்கு நான் இடுப்பில் கட்டுகிற படங்கு.
அதையும் காசு கொடுத்து ஒருத்தர் வாங்கியிருக்கிறார், பாருங்கள்.
ராத்திரியில் தாடையை அரைக்கிறான்.
தூக்கமில்லாமல் ரேடியோவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறான்.
ஒவ்வொரு தரமும் ஒரு ஸ்குரூ மிஞ்சுகிறது.

உங்களுக்கு அவர் என்ன உறவு?

தம்பி.

பேனையை வைத்துவிட்டாள்.
நீதவான் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம், என்றாள்.
லாம்தான், அக்கா. நிச்சயம் சொல்ல மாட்டேன்.
அந்த லாமை நம்பினேன்.
அதற்குமுன் எல்லோரும் நிச்சயமாகவே பேசினார்கள்:
பூசாரி, பாஸ்டர், தலைவர்,
தாயத்து விற்றவன்.

என் பேர் எழுத வேண்டிய இடத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.

வியாழக்கிழமை ஜீப் வரவில்லை.
சாரம் கட்டிய நான்கு பேரும் அவளும்
குறுக்குப்பாதையால் தேயிலைக்குள்ளே ஏறி வந்தார்கள்,
மணி அடிக்குமுன்.
நான் ஏழாம் நம்பர் மலையில் நிரையில் நின்றேன்.
தலை நிமிரவில்லை. கை மட்டும் ஆய்ந்தது,
முற்றல் இலையும் சேர்ந்து.
கீழே போத்தல் உடைகிற சத்தம்.
பிறகு பிள்ளைகளின் சத்தம்.
பிறகு கிருபாவின் குரல், ஒரே ஒரு தரம்,
அக்கா என்று.

என்னைக் கண்டு கூப்பிட்டானா,
விழுகிறவன் கத்துகிற மாதிரிக் கத்தினானா,
எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னேரம் லயத்துப் பீலியடியில்
தில்ஹானி காற்சட்டையை மடித்துவிட்டு நின்றாள்.
கணுக்காலில் மூன்று அட்டை.
சவர்க்காரத்தைக் கொடுத்தேன்.
கடிக்கும்போது தெரியாது,
பிறகுதான் இரத்தம் நிற்காது, என்றேன்.
யாரோ எவரோ போலத் தலையாட்டினாள்.
நானும் யாரோ எவரோ போல வாளியைத் தூக்கினேன்.

அன்றைக்கு எனக்கு முழுப்பேர்.
முற்றலுக்கு இரண்டு கிலோ வெட்டினார்கள்.

ரேடியோ திறந்தபடி கிடக்கிறது.
யாரையும் தொட விடவில்லை.
ஸ்குரூக்களை எண்ணினேன்,
ஏழு.