இரவல்

டொராண்டோ. ஜனவரி. காலை ஏழே முக்கால்.
என் வேலை இரவல் கொடுப்பது.
ஒருவர் கணக்கில் தூங்கும் பங்கை எழுப்பி
இன்னொருவருக்கு நாள்வட்டிக்கு விடுவது.
அவர் விற்பார். விழுந்தபின் வாங்கித் திருப்பித் தருவார்.
தூங்கியவருக்குத் தெரியாது.

கார்போ ஏரி வெள்ளிச் சுரங்கம், பதினான்காயிரம் பங்கு.
உரிமையாளர் ரோசேர் லாஷான்ஸ், டிம்மின்ஸ்.
தொழில்: துளைப்பொறி இயக்குபவர்,
அதே சுரங்கத்தில்.
கடன் கணக்கு. படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
கையெழுத்துப் போட்டிருக்கிறார்,
ஒன்பதாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்.
ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அவர் பாறையைத் துளைக்கும் நேரம்
எட்டாம் மாடியில் க்ரெட்டா ஹாலிங்ஸ்ஹெட்
அவருடைய பங்கை வைத்தே
அவர் சுரங்கத்தைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் மாலை ஆணை வந்தது:
பத்து நாளைக்கு, வெள்ளிப் பங்குகளில்
கையில் இல்லாததை எவரும் விற்கக் கூடாது.

ரோசேர் கூப்பிட்டார். பின்னணியில் ஹாக்கி இரைச்சல்.
"ஓநாய்களைப் பிடித்துவிட்டார்களாமே! இனி விழாதுதானே?"
"ஆணை அப்படித்தான் சொல்கிறது" என்றேன்.
ஆணை அப்படிச் சொல்லவில்லை.

புதனன்று மூன்று டாலர் பத்து, நான்கு அறுபது ஆனது.
பயந்துபோய் வாங்கி அடைத்தவர்கள் ஏற்றிய விலை.
அந்த உச்சியில் ரோசேர்
இன்னும் ஆறாயிரம் வாங்கினார், கடனில்.

வெள்ளிக்கிழமை வெள்ளி விழுந்தது.
லண்டனில் ஆறு சதவீதம், அவ்வளவுதான்.
என் திரையில்
நான்கு இருபதுக்கு வாங்க ஒருவர்,
அவருக்கு அடுத்தவர் இரண்டு எழுபதில்.
நடுவில் படியே இல்லை.
விழும்போது வாங்கியே தீரவேண்டியவள்
கடன்பட்டவள் ஒருத்திதான்.
அவளை வெளியே நிறுத்தி
கதவைச் சாத்தியிருந்தோம்.

பதினொன்று இருபதுக்கு
ரோசேரின் கைபேசிக்கு அழைப்பு போனது,
கூடுதல் பணம் கட்டச் சொல்லி.
ஆயிரம் மீட்டருக்குக் கீழே மணி அடிக்காது.
பன்னிரண்டுக்கு இயந்திரமே விற்றது,
இருபதாயிரத்தையும்,
இரண்டு எழுபதுக்கும் கீழே.

ஆணை முடிந்த காலை க்ரெட்டாதான் முதல் அழைப்பு.
"கார்போ இருக்கா, இரவலுக்கு?"
பட்டியலை உருட்டினேன்.
லாஷான்ஸ், ரோசேர்: பூஜ்ஜியம்.
அவருக்குக் கீழே வேறு யாரோ, ஹெயில்பரியில் ஒரு பல் மருத்துவர்,
மூவாயிரம்.
ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
கையெழுத்து இருந்தது.