இடது காது

ஆடி மூணாம் ஞாயிறு.
நேதாஜி நகர் அம்மனுக்குக் கட்டிய குழாயை
இறக்கும்போதே போன் வந்துவிட்டது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு.
கூழ் தெறித்த ஒயரை
இம்தியாஸ் லுங்கி நுனியால் துடைத்துச் சுருட்டினான்.
கேட் மூடியிருந்தது.
குட்டியானையில் உட்கார்ந்து
கூட்ஸ் பெட்டிகளை எண்ணினோம்.
ஐம்பத்தெட்டு என்றேன் நான்.
அறுபது என்றான் அவன்.

என்னிடம் இருப்பது
நாலு பாக்ஸ், ரெண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபையர்,
பஞ்சு பிய்ந்த மூணு மைக்.
அம்மனை வர்ணிப்பதும் அதுதான்
கந்தூரிக்கு பைத்து ஓதுவதும் அதுதான்
மாடியில் ஷீட் போட்ட சபையில்
பாஸ்டர் அழும்போது அழுவதும் அதுதான்.
கம்பி வலையில்
எல்லார் எச்சிலும் காய்ந்திருக்கிறது.
டெட்டால் தொட்டுத் துடைப்பேன்.

"நீ எந்த சாமிண்ணா கும்புடுவ?"
"கரண்டு போவாம பாத்துக்குற சாமிய."
இருபத்திரண்டு வருஷமாய் இதே பதில்.
பாதி பொய்.

சாவு வீட்டில் டோமினிக் வந்திருந்தான்.
செத்தவரை அவனுக்குத் தெரியாது.
மூன்றே கேள்வி கேட்டான்:
என்ன வேலை, யார் மேல உசுரு, என்ன சாப்புடுவாரு.
துறைமுகத்தில் கிரேன்.
கடைசி மகள்.
சுறாப்புட்டு.
அரை மணி நேரத்தில்
ஐஸ் பெட்டிக்குள் இருந்தவரை
பாட்டில் எழுப்பி உட்கார வைத்துவிட்டான்.
காலையிலிருந்து அழாத கடைசி மகள்
சுறாப்புட்டு வரியில் உடைந்தாள்.
நான் எக்கோவைக் குறைத்தேன்.
அழுகைக்கு எக்கோ ஆகாது.

இடது காது போய் நாலு வருஷம்.
ஸ்டான்லியில் டாக்டர்
ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதோரம் வைத்தார்.
கேக்குதா?
அவர் வாய் அசைந்ததைப் பார்த்துக்
கேக்குது என்றேன்.

ஜெசிந்தா எனக்கு இடது பக்கம் படுப்பவள்.
பாக்ஸ் தூக்கித் தூக்கி என் இடது தோளில் வலி,
அதனால் வலப்பக்கமே ஒருக்களிப்பேன்
நல்ல காது தலையணைக்குள்.
விளக்கை அணைத்ததும் ஜெபமாலை எடுப்பாள்.
மணி நகர்வது பாயில் தெரியும்.
எனக்காகத்தான் வேண்டுகிறாள் என்று
நாலு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து
ஏனோ அவள் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சிலிண்டர் புக் பண்ணியாச்சு.
ரூபனுக்கு பீஸ் கட்ட மூவாயிரம் கொறையுது.
எதிர்வீட்டு தனபாக்கியம் பேச மாட்டேங்குறா, பரவால்ல.
இந்தாளு காது கேக்காமலே வால்யூம் திருப்புறாரு
சனங்க காதப் பொத்திக்கினு நிக்குதுங்க
யாரும் வாயத் தொறக்கல.
நீயும் சொல்லிடாத."

ஒரு மணி நகர்ந்தது.
பிறகு ஒரு மெட்டு.
கல்யாணத்துக்கு முன்னால்
ராயபுரத்துக் கோயில் பாட்டுக்குழுவில்
இரண்டாம் குரல் பாடியவள்.
எந்தப் பாட்டிலும் அவளுக்குத் தெரிந்தது
அடியில் போகும் அந்தக் குரல் மட்டும்.
மேல் குரல் இல்லாமல் கேட்டால்
அது பாட்டே இல்லை.
படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு
காசில்லாமல் நிறுத்திய மாடி.

சட்டென்று நின்றது.
"முழிச்சினு இருக்கியா?"
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"இது உனக்கில்ல. அந்தாண்ட திரும்பிப் படு."

திரும்பிப் படுத்தேன்.
பாக்ஸுக்குப் பின்னால் நிற்பவனுக்கு
பேஸ் மட்டும் படுமே,
அப்படி என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது
வெகுநேரம்.
எண்ணூர் ரோட்டில்
கண்டெய்னர் லாரிகள் போனபோதுகூட.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.
ஏழில் நின்ற முள்ளை
ஐந்தரைக்கு இறக்கினேன்.
இம்தியாஸ் என்னைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

பாஸ்டர்தான்
மைக்கை இரண்டு தட்டுத் தட்டி
ஹலோ, ஹலோ என்றார்.